படகு டிரெய்லர் வாங்குமுன்: என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்

நான் இருப்பது மெல்பர்னின் தென்கிழக்குப் பக்கம். பதினோரு வருடமாக ஒரு சின்ன அலுமினியப் படகைக் காருக்குப் பின்னால் இழுத்துப்போய் போர்ட் பிலிப் வளைகுடாவிலும் வெஸ்டர்ன் போர்ட்டிலும் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அக்டோபர் பிறந்து ஸ்னாப்பர் மீன் உள்ளே வரத் தொடங்கினால் நம் ஆட்களிடமிருந்து போனும் வரத் தொடங்கிவிடும். படகு வாங்கப் போகிறேன், எந்தப் படகு நல்லது, எத்தனை குதிரைசக்தி மோட்டார் போடலாம் என்று கேட்பார்கள். டிரெய்லர் என்ன என்று நான் திரும்பக் கேட்டால் மறுமுனையில் பெரும்பாலும் பதில் இருக்காது. அதனால் டிரெய்லரைப் பற்றி மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன். சட்டமும் எண்களும் ஆஸ்திரேலியாவுடையவை. உப்புத்தண்ணீர் செய்யும் வேலை எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

படகு வாங்கினால் டிரெய்லரும் சேர்ந்துதானே வருகிறது? அதற்குத் தனியாக ஏன் யோசிக்க வேண்டும்?

சேர்ந்து வருவதால்தான் யோசிக்க வேண்டும். படகு, மோட்டார், டிரெய்லர் மூன்றையும் ஒரே விலையில் கட்டிக்கொடுக்கும்போது விலையைக் குறைக்க விற்பவருக்கு இருக்கும் சுலபமான இடம் டிரெய்லர்தான். வாங்க வருகிறவர் படகுக்குள் ஏறி சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார், மோட்டாரின் பெயரைப் பார்ப்பார், கீழே குனிந்து பார்ப்பவர் குறைவு. யானை வாங்கப் பணம் இருக்கும், அங்குசம் வாங்க மனசு வராது.

நம் ஊர்க் கடற்கரையில் ஃபைபர் படகை ஆட்கள் சேர்ந்து தள்ளியோ டிராக்டர் வைத்து இழுத்தோ மணலில் ஏற்றிவிடுவார்கள். படகு வீட்டுக்கு வருவதில்லை, கரையிலேயே கிடக்கும். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு டிரெய்லர் என்பது படகோடு வரும் ஒரு வண்டி, அவ்வளவுதான். இங்கே நிலைமை வேறு. படகு வருடத்தில் முக்கால்வாசிக்கு மேல் டிரெய்லர்மேல்தான் இருக்கும். அதே டிரெய்லர்மேல்தான் 100 கிலோமீட்டர் வேகத்தில், முன்னாலும் பின்னாலும் மற்றவர்களின் குடும்பங்கள் போகிற சாலையில் ஓடும். கடலில் மோட்டார் நின்றால் நங்கூரம் போட்டுவிட்டு உதவி கேட்கலாம். ஃப்ரீவேயில் சக்கரம் கழன்றால் கேட்க நேரம் இருக்காது.

டிரெய்லர் தகட்டில் ஏடிஎம், ஜிடிஎம், டேர் என்று போட்டிருக்கிறதே, எதைப் பார்ப்பது?

டேர் என்பது வெறும் டிரெய்லரின் எடை. ஏடிஎம் என்பது டிரெய்லரும் அதன்மேல் ஏற்றியதும் சேர்த்து மொத்தமாக எவ்வளவு இருக்கலாம் என்ற உச்ச வரம்பு, காரோடு மாட்டாமல் தனியாக நிறுத்தி எடை போட்டால் வரும் கணக்கு. ஜிடிஎம் என்பது காரோடு மாட்டியபின் டிரெய்லரின் சக்கரங்கள்மேல் மட்டும் இறங்கும் எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காரின் டோபால்மேல் (காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டு) அழுத்தும் எடை. அதை பால் வெயிட் என்பார்கள்.

ஏடிஎம்மிலிருந்து டேரைக் கழித்தால் எவ்வளவு ஏற்றலாம் என்பது கிடைக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த எண்தான். கடைக்காரர் "இது 4.5 மீட்டர் டிரெய்லர்" என்று நீளத்தைச் சொல்வார். நீளம் முக்கியம்தான், ஆனால் ஒரே நீளப் படகுகளில் ஒன்று 250 கிலோ, இன்னொன்று 450 கிலோ இருக்கும். எடையைக் கேளுங்கள்.

என் படகின் எடை என்ன என்று எப்படித் தெரியும்? பிரோஷரில் 330 கிலோ என்று இருக்கிறது.

பிரோஷரில் இருப்பது பெரும்பாலும் மோட்டாரும் சாமானும் இல்லாத வெறும் கூட்டின் எடை. ஒரு பேப்பரை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், 4.5 மீட்டர் திறந்த அலுமினியப் படகு ஒன்றுக்கு நான் போடும் கணக்கைக் காட்டுகிறேன்.

கூடு 330. 60 குதிரைசக்தி நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் சுமார் 115. சேர்த்து 445. பெட்ரோல் 60 லிட்டர். லிட்டருக்கு முக்கால் கிலோ என்று வைத்தால் 45 கிலோ, ஆகப் 490. பேட்டரி 20, ஆக 510. நங்கூரம், அதன் சங்கிலி, கயிறு 15. ஐஸ் பெட்டி ஐஸோடு 30. லைஃப் ஜாக்கெட், துடுப்பு, தீயணைப்பான், ஆபத்தில் சைகை காட்டும் ஃப்ளேர் எல்லாம் சேர்த்து 15. தூண்டில், ஈயக்குண்டு, இரை, வலை 15. ஆகப் படகு மட்டும் 585 கிலோ ஆகிவிட்டது. டிரெய்லர் 230 என்றால் மொத்தம் 815.

330 என்று நினைத்து வாங்க வந்தவருக்கு வேண்டிய டிரெய்லர் 815 கிலோவுக்கு மேல் ஏடிஎம் உள்ளது. அதற்கு மேல் ஒரு 15 சதவீதமாவது கையில் வையுங்கள். அடுத்த வருடம் பெரிய மோட்டார் போடத் தோன்றும், முன்பக்கம் எலெக்ட்ரிக் மோட்டார் ஒன்று வரும், அதற்கு ஒரு பேட்டரி வரும். படகில் சாமான் குறைந்ததாக நான் பார்த்ததே இல்லை.

பிரேக் உள்ள டிரெய்லர் வேண்டுமா, இல்லாமல் போதுமா?

சட்டம் இப்படி: ஜிடிஎம் 750 கிலோ வரை ஒற்றை ஆக்சில் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. 750க்கு மேல் 2,000 வரை குறைந்தது ஒரு ஆக்சிலின் சக்கரங்களிலாவது பிரேக் இருக்க வேண்டும். கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் முன்னால் வந்து தள்ளுமே, அந்தத் தள்ளலிலேயே இயங்கும் ஓவர்ரைடு பிரேக் இதற்குப் போதும். 2,000க்கு மேல் போனால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக், டிரைவர் சீட்டிலிருந்து அதை இயக்க வசதி, டிரெய்லர் கழன்றுபோனால் தானாகப் பிரேக் பிடிக்கும் பிரேக்அவே அமைப்பு எல்லாம் வேண்டும்.

இப்போது மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். மொத்தம் 815, அதில் 8 சதவீதம் டோபால்மேல் இறங்கினால் 65 கிலோ. சக்கரத்தின்மேல் 750. சரியாகக் கோட்டின்மேல் நிற்கிறது. இன்னொரு மூட்டை ஐஸ் போட்டால் தாண்டிவிடும். கடைகளில் தகட்டில் 749 என்று அடித்த பிரேக் இல்லாத டிரெய்லர்கள் நிறைய நிற்பதற்குக் காரணம் இந்தக் கோடுதான். 749 என்ற எண்ணைப் பார்த்தால் உடனே உங்கள் படகின் நிஜ எடையைக் கணக்குப் போடுங்கள். சின்ன 3.7 மீட்டர் படகுக்கு அது நல்ல டிரெய்லர். 4.5 மீட்டருக்கு அதே டிரெய்லரை யாராவது தலையில் கட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

என் கருத்து: ஏற்றிய எடை 650 கிலோவைத் தாண்டினாலே பிரேக் வாங்குங்கள், சட்டம் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. மழையில் ஒரு சிக்னலில் திடீரென்று நிறுத்த வேண்டி வந்து, பின்னால் இருந்து முக்கால் டன் உங்களைச் சந்திப்புக்குள் தள்ளும்போது அந்த வித்தியாசம் தெரியும்.

அண்ணா, என்னிடம் இருப்பது டொயோட்டா ரேவ்4 ஹைப்ரிட். இழுக்குமா?

எந்த ரேவ்4 என்பதைப் பொறுத்தது. இந்தக் கேள்வியில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2019இல் வந்த மாடலில் முன்சக்கர இழுவை ஹைப்ரிடுக்கு வரம்பு 480 கிலோதான், பிரேக் இருந்தாலும் இல்லாவிட்டாலும். நான்கு சக்கர இழுவை ஹைப்ரிடுக்குப் பிரேக் உள்ள டிரெய்லர் 1,500, பிரேக் இல்லாதது 750. வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே கார்.

நம் 815 கிலோ படகை இதில் பொருத்திப் பாருங்கள். டிரெய்லர் சட்டப்படி பிரேக் இல்லாமலே தப்பித்துவிடலாம், ஆனால் கார் 750க்கு மேல் பிரேக் இல்லாமல் இழுக்கக் கூடாது. டிரெய்லர் சரி, கார் சரி, இரண்டும் சேர்ந்தால் தவறு. விபத்து என்று ஒன்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்க்கும் இடங்களில் இது ஒன்று.

ஆகையால் காரின் கையேட்டில் நான்கு எண்களைத் தேடுங்கள்: பிரேக் உள்ள இழுவை வரம்பு, பிரேக் இல்லாத வரம்பு, டோபால்மேல் இறங்கக்கூடிய எடை, காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்பு. அப்புறம் டோபாரின் (டோபாலைத் தாங்கும் கம்பி) தகட்டையும் பாருங்கள், அது காரைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைவான எண்தான் உங்கள் வரம்பு. சில ஐரோப்பியக் கார்களுக்கு டோபால் எடை 75, 80 கிலோதான் அனுமதி, அதற்கு இழுவை வரம்பு மட்டும் பெரிதாக இருந்து பிரயோசனமில்லை. காருக்குள் நான்கு பெரியவர்கள் ஏறி, டிக்கியில் சாப்பாடும் சாமானும் வைத்தால் காரின் சொந்த எடை வரம்பையும் தொட்டுவிடலாம். டோபால்மேல் இறங்கும் எடையும் காரின் கணக்கில்தான் சேரும்.

பால் வெயிட் எவ்வளவு இருக்க வேண்டும்? வீட்டில் எப்படி அளப்பது?

மொத்த எடையில் பத்து சதவீதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது கேரவனுக்கு நல்ல அளவு. படகு டிரெய்லர்கள் 5 முதல் 10 சதவீதத்துக்குள் ஒழுங்காக ஓடும். ஐந்துக்குக் கீழே போகவே விடாதீர்கள். படகில் கனமான மோட்டார் கடைசி முனையில் தொங்குகிறது, பெட்ரோல் தொட்டியும் பேட்டரியும் பெரும்பாலும் பின்னால்தான். பின்னால் கனம் கூடினால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். 80இல் லேசாக ஆடுவது 100இல் காரையே சேர்த்து ஆட்டும்.

அளப்பது சுலபம். 100 கிலோவுக்குள் இருக்கும் என்றால் குளியலறை எடை இயந்திரம் போதும். சமதரையில் டிரெய்லரின் சக்கரங்களுக்கு அடைகல் வைத்துவிட்டு, எடை இயந்திரத்தின்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளிங்கை (டோபால்மேல் உட்காரும் டிரெய்லரின் மூக்கு) அந்தக் கட்டைமேல் இறக்குங்கள். கட்டையின் உயரம் உங்கள் டோபால் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், மூக்கு ஏறியோ இறங்கியோ இருந்தால் எண் மாறும். பெட்ரோலும் சாமானும் ஏற்றியபின் அளக்க வேண்டும், காலிப் படகை அளந்து பயனில்லை.

குறைவாக இருந்தால் முதலில் சாமானை முன்னால் நகர்த்திப் பாருங்கள். போதாவிட்டால் வின்ச் (படகை இழுத்து ஏற்றும் கைராட்டினம்) நிற்கும் கம்பத்தைத் தளர்த்தி முன்னால் நகர்த்திப் படகையே முன்னேற்றலாம், அல்லது ஆக்சிலைப் பின்னால் தள்ளலாம். ஆக்சில் நகர்த்தும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஒரு பக்கம் அரை சென்டிமீட்டர் கோணினாலும் டயர் தேயும்.

ரோலர் டிரெய்லரா, ஸ்கிட் வைத்ததா?

இதற்குப் பதில் இரண்டு இடத்தில் இருக்கிறது: உங்கள் படகின் அடிப்பகுதியிலும், நீங்கள் வழக்கமாகப் படகைத் தண்ணீரில் இறக்கும் கரைச் சரிவிலும்.

ஸ்கிட் என்பது நீளவாக்கில் ஓடும் பட்டை, அதன்மேல் படகின் வயிறு முழுதாக உட்காரும். எடை பரவலாக இறங்குவதால் மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நல்லது. ஆனால் படகு மிதக்கும்வரை டிரெய்லரைத் தண்ணீருக்குள் நன்றாக இறக்க வேண்டும். ரோலர் டிரெய்லரில் படகு உருண்டு இறங்கும், உருண்டு ஏறும், டிரெய்லரின் பின்முனை நனைந்தாலே போதும். கனமான ஃபைபர் படகுகளுக்கு இருபது, முப்பது ரோலர்கள் ஆடி ஆடிப் பொருந்தும் வகை இருக்கிறது, ஒரே ஆளாக ஏற்றி இறக்க அதைப்போல வேறு இல்லை. அதே ரோலர்களை மெல்லிய அலுமினியப் படகுக்கு வைத்தால் ஒவ்வொரு ரோலரும் ஒரு புள்ளியில் அழுத்தி, சில வருடத்தில் தகட்டில் குழி குழியாகத் தெரியும்.

இப்போது சரிவுக்கு வருகிறேன். கேரம் என்ற ஊரில், பாட்டர்சன் ஆற்றுச் சரிவில் ஸ்கிட் டிரெய்லர் சொகுசு. போர்ட் பிலிப்பில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், எப்போது போனாலும் தண்ணீர் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். வெஸ்டர்ன் போர்ட் அப்படி இல்லை, அங்கே கடல் மூன்று மீட்டர்வரை ஏறி இறங்கும். காலையில் வார்னீட்டில் நிறைய தண்ணீரில் இறக்கிவிட்டுப் போய் மதியம் திரும்பினால் சரிவின் முடிவில் சேறு தெரியும். மிதக்கவிட்டு ஏற்றும் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் தண்ணீர் ஏறும்வரை காத்திருக்க, ரோலர் வைத்திருப்பவர் வின்ச்சைச் சுற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

என் படகுக்கு நான் வைத்திருப்பது நடுவில் ஏராவைத் தாங்க ரோலர் வரிசை, இரு பக்கமும் வழுக்கும் பிளாஸ்டிக் ஸ்கிட். (ஏரா என்பது படகின் அடியில் நடுவாக ஓடும் முதுகெலும்பு.) எடையின் பெரும்பகுதி ஏராமேல் இறங்கும், ஸ்கிட் படகைச் சாயாமல் பிடிக்கும். 5 மீட்டருக்குள் உள்ள அலுமினியப் படகுக்கு யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். கம்பளம் ஒட்டிய மரப்பலகை மட்டும் வேண்டாம். கம்பளம் உப்புத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு அலுமினியத்தை நாள் முழுக்க நனைத்துக்கொண்டே இருக்கும்.

பிளாஸ்டிக் ஸ்கிட் என்றால் ஒரு எச்சரிக்கை: அது நிஜமாகவே வழுக்கும். டிரெய்லர் தண்ணீரைத் தொடும்வரை வின்ச் கொக்கியைக் கழற்றவே கழற்றாதீர்கள். சரிவின் நடுவில் கான்கிரீட்மேல் படகு இறங்குவதை இரண்டு முறை கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படகைவிட டிரெய்லர் கொஞ்சம் குட்டை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். மோட்டார் தொங்கும் பின்சுவருக்கு நேர் கீழே தாங்கல் இருக்க வேண்டும், ஸ்கிட்டோ கடைசி ரோலரோ அதுவரை வர வேண்டும். 115 கிலோ மோட்டார் ஒவ்வொரு பள்ளத்திலும் குதிக்கிறது. தாங்கல் 30 சென்டிமீட்டர் முன்னாலேயே முடிந்துவிட்டால் படகின் அடிப்பகுதி நாளடைவில் அந்த இடத்தில் வளையும், அப்புறம் தண்ணீரில் ஓடும்போது மூக்கு கீழே அழுந்தும். மோட்டாரை என்ன செய்தாலும் அது சரியாகாது.

கால்வனைஸ் செய்த இரும்பா, அலுமினியமா?

பெயின்ட் அடித்த இரும்பு நன்னீர் ஏரிக்கு மட்டும். கடல் என்றால் உருகிய துத்தநாகத்தில் முழுதாக முக்கி எடுத்த கால்வனைஸ் டிரெய்லர், இல்லையென்றால் அலுமினியம். அலுமினியம் எடை குறைவு, கார் வரம்பு இடிக்கும்போது அது பெரிய உதவி. விலை கூடுதல். அதில் போடும் இரும்பு போல்ட்டுகளும் பிராக்கெட்டுகளும் அலுமினியத்தைத் தொடும் இடங்களில் உப்பு சேர்ந்தால் அரிப்பு வரும், அந்த இடங்களை வருடாவருடம் பார்க்க வேண்டும்.

கால்வனைஸில் குழாய் வடிவச் சட்டம் என்றால் உள்ளே தண்ணீர் வடிய வழி இருக்கிறதா, ஹோஸ் விட்டுக் கழுவ முடிகிறதா என்று கேளுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், துரு உள்ளிருந்து வரும். ஒரு பக்கம் திறந்த சி வடிவச் சட்டத்தில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், எனக்கு அதுதான் பிடிக்கும்.

பேரிங் பேரிங் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அவ்வளவு பிரச்சினையா?

ஆமாம். இரண்டாவது வருடம், ஹேஸ்டிங்ஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வெஸ்டர்ன் போர்ட் ஹைவேயில் பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கை அடித்துக்கொண்டே இருந்தார். ஓரம் கட்டி இறங்கினால் இடது சக்கரத்திலிருந்து புகை. ஹப்பின் (பேரிங் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) மூடி எங்கேயோ விழுந்துவிட்டது, கிரீஸ் மட்கார்டின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பாகத் தெறித்திருந்தது, எண்ணெய் தீய்ந்த வாடை. சக்கரம் மேல்பக்கமாக உள்ளே சாய்ந்து நின்றது. பின் சீட்டில் ஒன்பது வயது மகன் தூங்கிக்கொண்டிருந்தான். அப்புறம் மெக்கானிக் பிரித்துக் காட்டியபோது பேரிங் உருளைகள் நீலம் பாரித்துத் தட்டையாகிக் கிடந்தன, இன்னும் சில கிலோமீட்டர் ஓடியிருந்தால் சக்கரம் தனியாகப் போயிருக்கும் என்றார். ஆறு மாதத்துக்கு முன்தான் அந்த டிரெய்லரை ஒரு கடையில் சர்வீஸுக்கு விட்டிருந்தேன், பேரிங் பார்த்தாயிற்று என்று பில்லிலும் எழுதியிருந்தது. அன்றிலிருந்து என் பேரிங்கை நானே பிரித்துப் பார்க்கிறேன்.

காரணம் எளிமையானது. ஒரு மணிநேரம் ஓடிய ஹப் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அதே சூட்டோடு குளிர்ந்த கடல்நீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, பின்பக்க சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். உப்பும் கிரீஸும் கலந்து பால்காபி நிறத்தில் ஒரு குழம்பு ஆகும். பிரிக்கும்போது அந்த நிறத்தைப் பார்த்தால் பேரிங், சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், துடைத்துவிட்டுத் திரும்பப் போடாதீர்கள்.

அதனால் சரிவுக்குப் போனதும் உடனே இறக்காமல் பதினைந்து இருபது நிமிடம் விடுங்கள், கட்டு அவிழ்த்து லைஃப் ஜாக்கெட் மாட்டுவதற்குள் அந்த நேரம் ஓடிவிடும். வழியில் நிற்கும்போதெல்லாம் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள், இதமான சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் கோளாறு. வாங்கும்போது ஸ்பிரிங் வைத்து கிரீஸை எப்போதும் லேசான அழுத்தத்தில் வைத்திருக்கும் ஹப் மூடி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் போட்டுக்கொள்ளலாம், அதற்காக அளவுக்கு மேல் கிரீஸ் அடித்துப் பின் சீலைப் பிதுக்கிவிடாதீர்கள். கிரீஸ் கட்டாயம் மரைன் கிரீஸ்.

இங்கே சின்ன டிரெய்லர்களில் பொதுவாக இரண்டு வகை பேரிங் செட், ஒன்று ஹோல்டன் என்று சொல்லும் எல்எம், இன்னொன்று ஃபோர்டு என்று சொல்லும் எஸ்எல். உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு, ஒரு முழு செட்டும் சீலும் ஜாக்கியும் ஸ்டெப்னியும் எப்போதும் கூடவே இருக்கட்டும். முடிந்தால் ஒரு ஹப்பில் பேரிங்கைப் பொருத்தி கிரீஸ் வைத்துத் தயாராக வைத்திருங்கள், சாலையோரத்தில் அரை மணியில் மாற்றிவிடலாம்.

பிரேக், ஸ்பிரிங், டயர் பற்றி?

உப்புத்தண்ணீருக்கு டிரம் பிரேக்கைவிட டிஸ்க் நல்லது, ஹோஸ் விட்டுக் கழுவலாம். கேபிள் இழுத்து இயங்கும் டிஸ்க் மலிவு, கேபிள் துருப்பிடித்து இறுகும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டி வரலாம். ஹைட்ராலிக் இன்னும் நன்றாகப் பிடிக்கும். சாதாரண எலெக்ட்ரிக் டிரம் பிரேக் கேரவனுக்குப் பொருத்தம், கடலில் முக்கும் டிரெய்லருக்கு வேண்டாம். ஸ்பிரிங் என்றால் பிளேட்டுகளுக்கு நடுவில்தான் துரு பிடிக்கும், கழுவும்போது அங்கே தண்ணீர் போகட்டும். டயர் பக்கச்சுவரில் எடைக் குறியீடு இருக்கும், 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 102 என்றால் 850. இரண்டு டயரின் தாங்கும் எடை உங்கள் ஏற்றிய எடையைத் தாராளமாகத் தாண்ட வேண்டும். படகு டிரெய்லர் டயர் தேய்ந்து சாவது அரிது, வெயிலில் நின்று வெடிப்பு விட்டுச் சாகும். பட்டன் (டயரின் மேல்பக்கப் பள்ளங்கள்) நன்றாக இருக்கிறது என்று ஏமாற வேண்டாம்.

ஒற்றை ஆக்சிலா, இரட்டையா?

ஒன்றேகால் டன்வரை ஒற்றை போதும், கையால் தள்ளி வீட்டு ஓரத்தில் திருப்பலாம். அதற்கு மேல் இரட்டை ஓட்டத்துக்கு நிதானம், ஒரு டயர் போனாலும் சமாளிக்கலாம், ஆனால் பேரிங், பிரேக், டயர் எல்லாச் செலவும் இரட்டிப்பு. கையால் திருப்பவே முடியாது. உங்கள் டிரைவ்வேயின் திருப்பத்தை முதலில் அளந்துவிட்டு வாருங்கள்.

விளக்கு, வின்ச், சங்கிலி?

தண்ணீர் புகாத எல்இடி விளக்கு, அப்படி இருந்தாலும் இறக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். வின்ச்சில் கம்பிக் கயிறைவிட நாடா நல்லது, கம்பி நைந்தால் கையைக் கிழிக்கும். வின்ச் படகைக் கட்டிவைக்கும் சாமான் அல்ல என்பதால் முன்முனைக்குத் தனிச் சங்கிலி ஒன்று, பின்னால் இரு பக்கமும் இழுத்துக் கட்டும் நாடா. காரோடு இணைக்கும் பாதுகாப்புச் சங்கிலி 2.5 டன்வரை ஒன்றாவது, அதற்கு மேல் 3.5 டன்வரை இரண்டு. சங்கிலியை மாட்டும் ஷேக்கிளும் தரம் குறித்த முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

பழைய டிரெய்லர் வாங்கலாமா?

தாராளமாக, டார்ச்சும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனால். சட்டத்தின் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள், நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்த இடம் சொத்தென்று கேட்கும். குழாயின் திறந்த முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட்டுகள் பாதியாக மெலிந்திருக்கும், அதை யாரும் பார்ப்பதில்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள், கரகர சத்தம் வரக் கூடாது. மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், லேசுக்கு மேல் ஆடக் கூடாது. தகட்டில் உள்ள வின் எண் (வண்டியின் அடையாள எண்) ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பரோடு பொருந்துகிறதா பாருங்கள். பிபிஎஸ்ஆர் என்ற அரசாங்க அடமானப் பதிவேட்டில் அந்த எண்ணைத் தேட 2 டாலர்தான், அதன்மேல் கடன் நிலுவை பதிவாகியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தகடே இல்லாத டிரெய்லரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

பேரிங், டயர், விளக்கு மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். சட்டம் துருப்பிடித்திருந்தால் பேரமே வேண்டாம், வந்துவிடுங்கள்.

பையனுக்கு இப்போதுதான் லைசென்ஸ் கிடைத்தது. அவன் இழுத்துக்கொண்டு போகலாமா?

மாநிலத்துக்கு மாநிலம் வேறு. விக்டோரியாவில் சிவப்பு பி (புது ஓட்டுநருக்கான முதல் கட்ட லைசென்ஸ்) வைத்திருப்பவர் வேலைக்காகவோ விவசாயத்துக்காகவோ, அல்லது பக்கத்தில் முழு லைசென்ஸ்காரர் உட்கார்ந்திருந்தாலோ தவிர டிரெய்லர் இழுக்கக் கூடாது. நியூ சவுத் வேல்ஸில் சிவப்பு பி என்றால் வெற்று எடை 250 கிலோ வரையுள்ள டிரெய்லர்தான்.

வாங்கிவிட்டேன். முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

கடலுக்குப் போகாதீர்கள். பெட்ரோல் நிரப்பி, ஐஸ் பெட்டி உட்பட எல்லாச் சாமானையும் ஏற்றி, நேராக எடைமேடைக்குப் போங்கள், பல ஊர்களில் குப்பைக் கிடங்கிலேயே ஒன்று இருக்கும். காரோடு ஒருமுறை, கழற்றி ஒருமுறை எடை போட்டு வந்த சீட்டைக் காரின் கைப்பெட்டியில் வையுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் சக்கர நட்டுகளைத் திரும்ப முறுக்குங்கள், புது டிரெய்லரில் அவை இளகும்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காலியாக இருக்கும் பெரிய கார் பார்க் ஏதாவது ஒன்றில் ஒரு மணிநேரம் ரிவர்ஸ் மட்டும் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்முனை எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். மெதுவாக. ஓவர்ரைடு பிரேக் என்றால் ரிவர்ஸுக்குமுன் கப்ளிங்கில் இருக்கும் பூட்டை மடக்க வேண்டுமா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மேட்டில் பின்னால் தள்ளும்போது டிரெய்லர் பிரேக் பிடித்து நிற்கும். வீட்டுக்குத் திரும்பியதும் நேராகப் போய் இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள்.